பிள்ளைகளைச் சுவர் பார்க்க இருத்தவேண்டாம்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், அதிபர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாருக்கும், பாடசாலைகளுக்குக் கணினி வாங்கித் தருகிற பழைய மாணவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் ஒரு பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிப்பிக்கிறேன். 2013 தொடக்கம் இதே பாடம்தான். எங்கள் பாடசாலைக்குப் புதுக் கணினிகள் வரப்போகின்றன. வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் காசு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த உதவியைக் கையெடுத்துக் கும்பிட்டு ஏற்றுக்கொள்கிறேன். போன கிழமை வயரிங் வேலை செய்கிற தம்பி வந்து கணினி அறையை அளந்தார். அளந்துவிட்டுச் சுண்ணக்கட்டியால் சுவரில் ஒரு கோடு போட்டார். மேசை உயரத்துக்கு, கதவு வருகிற இடத்தை மட்டும் விட்டு, நாலு சுவரையும் சுற்றி ஒரே கோடு. அந்தக் கோட்டில்தான் பிளக் பொயின்டுகள் வரும். பிளக் பொயின்ட் வருகிற இடத்தில் மேசை வரும். மேசை அங்கே வந்தால் பிள்ளை சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். 30 பிள்ளைகள் இருந்தால் 30 முதுகுகள். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் இதை உங்களுக்கு எழுதவேண்டும் என்று தீர்மானித்தேன்.

வாகரையிலிருந்து பொத்துவில் வரை நான் செயலமர்வுகளுக்குப் போன கணினி அறைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. யாரும் பிள்ளைகளைப் பிரிக்கவேண்டும் என்று நினைத்துச் செய்ததில்லை. சுவரோடு வயர் போனால் செலவு குறைவு, காலில் தடக்காது, கூட்டித் துடைக்க நடு அறை வெறுமையாக இருக்கும், பின்னால் நிற்கிற ஆசிரியருக்கு எல்லாத் திரையும் ஒரே பார்வையில் தெரியும். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். ஆனால் அந்த நியாயங்கள் எல்லாம் சேர்ந்து பிள்ளைகளுக்கு என்ன செய்தன என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதல் நியமனம் கிடைத்து நான் வந்தபோது அந்த அறையில் 7 கணினிகள்தான் வேலை செய்தன. வகுப்பில் 36 பிள்ளைகள். ஒரு திரைக்கு ஐந்து தலைகள். "அங்கால இழுடா", "அது இல்ல மனே, மற்றப் பட்டன்", "சேவ் பண்ணுங்கடா, கரண்ட் போகப்போகுது" என்று ஒரே இரைச்சல். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எழும்பி வந்து எங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போவார். எனக்கு வெட்கமாக இருக்கும். இன்னும் கொஞ்சம் கணினி இருந்தால் இந்தப் பாடத்தை எவ்வளவு ஒழுங்காக நடத்தலாம் என்று ஏங்கியிருக்கிறேன். கடிதமும் எழுதியிருக்கிறேன்.

ஐந்தாறு வருடம் போன பிறகு அந்த ஆசை நிறைவேறியது. அங்கிருந்து கொஞ்சம், இங்கிருந்து கொஞ்சமாக 24 கணினிகள் வந்து சேர்ந்தன. பெரிய வகுப்பைப் பிரிவாகப் பிரித்தோம். ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு கதிரை. முதல் நாளே அறை அமைதியாகிவிட்டது. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, வகுப்புக் கட்டுப்பாடு மிக நன்று என்று குறிப்பெழுதிக் கொடுத்தார். அன்றைக்கு நான் சந்தோசமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். தரம் 9 பிள்ளைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மூலையில் இருந்த ஒரு மகளின் திரை கறுப்பாக இருப்பதைக் கண்டேன். மொனிட்டர் வயர் கழன்றிருந்தது. கை வைத்து ஒரு தடவை அமத்தினால் சரியாகிவிடும். அவள் முக்கால்வாசிப் பாடவேளையும் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு, கீபோர்டில் கையை வைத்தபடி இருந்திருக்கிறாள். அவளுடைய வலது பக்கப் பிள்ளைக்கும் தெரியாது, இடது பக்கப் பிள்ளைக்கும் தெரியாது. "ஏன் மகள் சொல்லல்ல?" என்று கேட்டேன். "எல்லாரும் வேலை செய்யிறாங்க டீச்சர்" என்றாள்.

7 கணினி இருந்த காலத்தில் இது நடந்திருக்கவே முடியாது. திரை கறுத்த அந்த நொடியே ஐந்து பேரும் சத்தம் போட்டிருப்பார்கள். ஒருத்தன் மேசைக்குக் கீழே பூந்து வயரைப் பிடித்திருப்பான்.

அன்றிலிருந்துதான் கவனிக்கத் தொடங்கினேன். முன்பு பிள்ளைகள் தங்களுக்குள் கேட்டு, முடியாமல் போனால்தான் என்னிடம் வருவார்கள். பாதிக் கேள்விக்கு நான் போய்ச் சேரும் முன்னே பதில் கிடைத்திருக்கும். இப்போது ஒவ்வொரு சின்னத் தடங்கலுக்கும் ஒரு கை உயர்கிறது. கை உயர்த்தத் துணிவு இல்லாத பிள்ளை அப்படியே இருந்துவிடுகிறது. நான் அறையைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதை, அதற்குரிய சொற்களை, பொறுமையை, எங்கள் வகுப்பு மெல்ல மறந்துகொண்டிருந்தது. கல்வியியற் கல்லூரியில் உளவியலாளர் வைகொட்ஸ்கி சொன்னதைப் படித்துத்தானே எல்லோரும் ஆசிரியராக வந்தோம்: தனியே செய்ய முடியாத ஒன்றைத் தன்னைவிடக் கொஞ்சம் தெரிந்தவர் துணையோடு செய்யும்போதுதான் பிள்ளை வளர்கிறது என்று. 2007 பாடத்திட்ட மாற்றத்தோடு வந்த, ஐந்து படிகளில் பாடம் நடத்துகிற ஐந்து-ஈ முறைக்கும் குழுவாக ஆராய்வதுதான் முதுகெலும்பு. அந்தக் குழு எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. கணினி அறைக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைக்கும்போது அதையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

இதைச் சொல்லிவிட்டு அந்தப் பழைய நெரிசலை நான் புகழப்போவதில்லை. அதிலும் ஒரு அநியாயம் இருந்தது. ஐந்து பேர் சூழ்ந்த கணினியில் மவுஸ் யார் கையில் இருக்கும்? பெரும்பாலும் ஒரே ஆளின் கையில்தான். வீட்டில் கணினி இருக்கிற பிள்ளை, இல்லாவிட்டால் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்த பொடியன். ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் பெண் பிள்ளைகள் கொப்பியில் குறிப்பெழுதுகிற வேலையை எடுத்துக்கொள்வார்கள், யாரும் சொல்லாமலே. ஒரு தவணை முழுக்க மவுஸைத் தொடாத பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அதை நான் நேரத்தோடு காணவில்லை. அது என் பிழை. கூடி இருந்தால் மட்டும் போதாது என்பதை அந்தப் பிள்ளைகளிடம்தான் படித்தேன்.

அதனால் இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். 24 கணினி இருந்தாலும் வாரத்தில் ஒரு பாடவேளை மட்டும்தான் தனித்தனி. மற்றப் பாடவேளைகளில் இரண்டு பேருக்கு ஒரு கணினி. மவுஸும் கீபோர்டும் ஒருவர் கையில். மற்றவர் வாயால் வழி சொல்லவேண்டும். கையில் வைத்திருப்பவர் சொல்லாத எதையும் செய்யக்கூடாது. சொல்பவர் திரையைத் தொடக்கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிப்பேன், கதிரை மாறவேண்டும். மென்பொருள் நிறுவனங்களிலேயே இரண்டு பேர் ஒரு கணினியில் இருந்து நிரல் எழுதுகிற முறை இருக்கிறது. சம்பளம் வாங்குகிற பொறியியலாளர்கள் செய்வதைத்தான் எங்கள் பிள்ளைகளும் செய்கிறார்கள். முதல் இரண்டு கிழமையும் கஷ்டமாக இருந்தது. "அதை அமத்து", "எதை?", "அதைத்தான்" என்று சண்டை. பிறகு மெல்ல மெல்ல "இடது பக்கம் மேலே, மூன்றாவது" என்று சொல்லப் பழகினார்கள். ஒன்றைத் தொடாமல் இன்னொருவருக்கு விளங்கப்படுத்துவது எவ்வளவு பெரிய மொழிப் பயிற்சி என்பதை எங்கள் தமிழ் ஆசிரியைதான் முதலில் கண்டு சொன்னார்.

எப்படி இருத்துவது என்பதைப் போலவே என்ன வேலை கொடுப்பது என்பதும் முக்கியம். விரிதாள் படிப்பிக்கும்போது ஒரு ஏக்கர் வயலுக்குப் பெரும்போகச் செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னேன். உழவு, விதைநெல், உரம், களைநாசினி, அறுவடை மெசின், மூடை ஏற்றுகூலி. ஒரு சோடியில் ஒரு பொடியன் தகப்பனோடு வயலுக்கும் மாட்டுப் பட்டிக்கும் போய்வருகிறவன். கிழமையில் இரண்டு நாள் பாடசாலைக்கு வரமாட்டான். வாசிப்பும் குறைவு. அவனோடு இருந்தவள் வகுப்பில் முதலாம் பிள்ளை. சூத்திரம் எழுதுவது அவளுக்குத் தண்ணீர் பட்டபாடு. ஆனால் உழவுக்கு ஏக்கருக்கு எவ்வளவு, உரம் எத்தனை தடவை எறிவது, எந்தச் செலவு முதலில் வரும் என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவன் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். கடைசியில் மொத்தச் செலவைப் பார்த்துவிட்டு அவன்தான் சொன்னான்: "இது பிழை டீச்சர். இவ்வளவு குறைய வராது, வாப்பெட்டி வாடகையை விட்டுட்டம்" என்று. டிரக்டருக்குப் பின்னால் பூட்டுகிற பெட்டியை அவன் தன் வாயில் அப்படித்தான் சொன்னான். அவள் திரும்பி அவனைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன் அவனை அப்படி யாரும் அந்த வகுப்பில் பார்த்ததில்லை.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1971-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையின, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளை முதல்முறை ஒரே வகுப்பில் சேர்த்தபோது சண்டையும் பகையுமாக இருந்தது. எலியட் அரொன்சன் என்ற உளவியலாளரை அழைத்தார்கள். அவர் பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார். மற்றவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்காமல் யாரும் முழுப் பாடத்தையும் படிக்க முடியாது. ஒருவரில் ஒருவர் தங்கியிருக்க வேண்டிய நிலை வந்ததும் பகை குறையத் தொடங்கியது. இன்றைக்கும் உலகம் முழுவதும் ஆசிரியர்கள் பாவிக்கிற முறை அது.

ஒஸ்டினை ஏன் இழுக்கிறேன் என்று நம்முடைய மாவட்டங்களை அறிந்தவர்களுக்கு விளங்கும். காத்தான்குடியும் ஆரையம்பதியும் ஒட்டியிருக்கிற ஊர்கள். பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் போய் வருகிறார்கள். ஆனால் படிப்பது வேறுவேறு பாடசாலைகளில். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இதே கதைதான். ஒரே பாடப் புத்தகம், ஒரே மொழி, ஒரே பரீட்சை. ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. சில வருடங்களுக்கு முன் கணினிப் போட்டிக்கான இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்கு என் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். கணினி போதாமல் போனதால் வேறுவேறு பாடசாலைப் பிள்ளைகளைச் சோடியாக இருத்தினார்கள். முதல் நாள் காலையில் இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கலாம், அவ்வளவு இடைவெளி. பின்னேரம் நான் பார்த்தபோது ஒரு முஸ்லிம் பொடியனும் என் மாணவனும் ஒரே கதிரையில் ஆளுக்குப் பாதியாக இருந்துகொண்டு ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் அந்தப் பொடியன் வீட்டிலிருந்து வட்டிலாப்பம் கொண்டுவந்தான். மறு வருடம் அதே பயிற்சிக்குப் போனோம். அந்த முறை கணினிகள் போதியளவு இருந்தன. பிள்ளைகள் வந்தார்கள், தங்கள் தங்கள் திரையைப் பார்த்து வேலை செய்தார்கள், தங்கள் தங்கள் வாகனத்தில் ஏறிப் போனார்கள். ஏற்பாட்டாளர்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லா வசதியும் செய்திருந்தார்கள். வசதி வந்த அன்றைக்கு எது போனது என்பதை யாரும் கணக்கு எடுக்கவில்லை என்பதுதான் என் கவலை.

உலகத்தில் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 1999-ல் டெல்லியின் கல்காஜிப் பகுதியில் சுகதா மித்ரா என்பவர் ஒரு சுவரைத் துளைத்து அதில் கணினி ஒன்றைப் பதித்துவிட்டார். பக்கத்துச் சேரிப் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதைப் பாவிக்கப் பழகினார்கள். அவர்கள் எவ்வளவு தூரம் படித்தார்கள் என்பதில் இன்றுவரை விவாதம் இருக்கிறது. ஆனால் ஒருவன் தொட, பின்னால் நின்றவர்கள் கத்திச் சொல்ல, கூட்டமாகத்தான் அது நடந்தது. 2015-ல் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு வெளியிட்ட அறிக்கை, பாடசாலைக் கணினிகளுக்குப் பெருந்தொகை செலவழித்த நாடுகளில் வாசிப்பிலோ கணிதத்திலோ விஞ்ஞானத்திலோ சொல்லத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை என்று சொன்னது. கணினி வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. கணினி வந்தால் மட்டும் ஒன்றும் வந்துவிடாது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

எனக்கு எதிராகவும் ஒரு ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். 2013-ல் கனடாவில் வெளியானது. விரிவுரையின்போது மடிக்கணினியில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள் குறைந்த புள்ளி எடுத்தார்கள். அவர்களுடைய திரை கண்ணில் படும் இடத்தில் இருந்தவர்களும் குறைந்த புள்ளி எடுத்தார்கள். அப்படியென்றால் ஒருவர் திரை ஒருவருக்குத் தெரியாமல் இருப்பதுதானே நல்லது என்று கேட்கலாம். பக்கத்திலிருப்பவர் செய்கிற வேலைக்கும் எனக்கும் தொடர்பே இல்லை என்றால் அந்தத் திரை எனக்கு இடைஞ்சல்தான். இருவரும் ஒரே வேலையைச் செய்கிறோம் என்றால் அந்தத் திரை எனக்குப் பாடம். என் வகுப்பில் நான் கண்டது இதுதான்.

இன்னொன்று, கலிபோர்னியாவில் 2014-ல் வந்த ஆய்வு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஐந்து நாள் திரை ஒன்றுமே இல்லாத முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தபோது, முகத்தைப் பார்த்து மற்றவரின் மனதை அறிகிற சோதனையில் அந்தப் பிள்ளைகள், வழமைபோல இருந்த பிள்ளைகளைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். திரை இல்லாததாலா, ஐந்து நாளும் கூட்டாளிகளோடு முகம் பார்த்து இருந்ததாலா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். பிரிக்கவேண்டிய தேவையும் எனக்கில்லை.

கொரோனாக் காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகளைப் பூட்டினோம். படுவான்கரையில் வீட்டுக்கு ஒரு போன், அதையும் தகப்பன் வயலுக்குக் கொண்டுபோய்விடுவார். வட்ஸ்அப்பில் ஒப்படை அனுப்பினோம், பதில் படமாக வந்தது. அதற்குமேல் செய்ய எங்களுக்கும் வழி தெரியவில்லை. மீண்டும் திறந்தபோது பிள்ளைகளின் கையெழுத்தும் பெருக்கல் வாய்ப்பாடும் பின்தங்கியிருந்தன, அதைப் பற்றி எல்லோரும் பேசினோம், மேலதிக வகுப்பு வைத்தோம். பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் கதைக்கக் கூச்சப்பட்டார்கள் என்பதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேசியதாக எனக்கு நினைவில்லை. ஒரே வாங்கில் இருந்துகொண்டு பக்கத்துப் பிள்ளையிடம் அழிறப்பர் கேட்கத் தயங்கிய பிள்ளைகளை நான் பார்த்தேன்.

நம்முடைய ஊர் படிப்பித்த முறையே முகம் பார்த்துப் படிப்பிக்கிற முறை. கூத்து பழக்குகிற இடத்தை நினைத்துப் பாருங்கள். வட்டக்களரி, நடுவில் மத்தளம், அண்ணாவியார் ஒரு ஆளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். தன் முறை வரும் முன்னே பாதி ஆட்டம் காலுக்கு வந்துவிடும். பிழைத்தவனைப் பார்த்துத் திருந்தினவன் எத்தனை பேர்! அந்தக் களரியை உடைத்து ஆளுக்கொரு மூலையில் சுவர் பார்க்க ஆடச் சொன்னால் ஒரு வருடத்தில் கூத்து செத்துப்போகும்.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று யாரும் கேட்டால், ஒரு காரணத்தைச் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது நான் கரையோரப் பாடசாலை ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் தகரக் கொட்டகையில் வகுப்பு. நிவாரணத்தோடு இரண்டு பழைய கணினிகளும் வந்தன. என் வகுப்பில் தாயையும் இரண்டு தம்பிமாரையும் இழந்த ஒருத்தி இருந்தாள். மாதக்கணக்காக வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஆசிரியர்களும் அவளை ஒன்றும் கேட்பதில்லை. ஒரு நாள் ஏழெட்டுப் பேர் ஒரு கணினியைச் சூழ்ந்து நின்றோம். ஒருத்தி பெயின்டில் தோணி ஒன்று கீறி அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "எங்கட தோணி நீலம்."

எல்லோரும் திரும்பினோம். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. மவுஸை வைத்திருந்தவள் எழும்பி இடம் விட்டாள். மாதக்கணக்காக வாய் திறக்காதவள் அதில் இருந்து அந்தத் தோணியை நீலமாக்கினாள். அவள் இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். பெயர் போடாமல் எழுது என்றாள். அன்றைக்கு ஆளுக்கொரு கணினி இருந்திருந்தால் அந்த நீலத்தை அவள் யாருக்குச் சொல்லியிருப்பாள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

போன தவணை அதிபரிடம் அனுமதி வாங்கி ஆறு மேசைகளை நடு அறைக்கு இழுத்து, எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு, இரண்டு கிழமை நடத்திப் பார்த்தேன். மேசைகளை நேருக்கு நேர் வைத்தால் மொனிட்டர் முகத்தை மறைக்கிறது. கொஞ்சம் சரித்து, ஒரு மேசையின் பக்கவாட்டில் மற்ற மேசை வருவதுபோல் வைத்தபோது சரிவந்தது. பிள்ளை தலையை நிமிர்த்தினால் இன்னொரு பிள்ளையின் முகம் தெரிந்தது. தானாகவே கதை தொடங்கியது. ஆனால் வயர் காலில் தடக்கும் என்று அதிபர் பயந்தார். அவர் பயந்தது சரிதான். ஒரு பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு? அதனால் மறுபடியும் சுவரோடு கொண்டுபோய் வைத்தோம். நிரந்தரமான, பாதுகாப்பான வயரிங்தான் இதற்கு வழி. நிலத்தில் குழாய் பதித்து நடு அறையில் பிளக் பொயின்ட் எடுக்கலாம். கூரையிலிருந்து குழாய் இறக்கியும் எடுக்கலாம். மாரியில் வெள்ளம் ஏறுகிற இடங்களுக்குக் கூரையிலிருந்து எடுப்பதுதான் நல்லது என்று அந்த வயரிங் தம்பியே சொன்னார். செலவு கூடும். அது எனக்குத் தெரியும். அந்தச் செலவுக்காகக் கணினியில் சிலதைக் குறைக்கச் சொல்கிறேன். பழைய மாணவர்களே, 30 கணினிக்குச் சேர்த்த காசில் 20 வாங்குங்கள். மிச்சத்தை இந்த வயரிங்குக்கும், இழுத்து மாற்றக்கூடிய கதிரைகளுக்கும், கரண்ட் போனால் வேலை அழியாமல் காக்கிற யூ.பி.எஸ்ஸுக்கும் தாருங்கள். திறப்பு விழாப் படத்தில் எண்ணிக்கை குறைவாகத்தான் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிப்பாளர்களே, மேற்பார்வைக்கு வருகிறவர்களிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். கணினி அறையின் அமைதியை நல்ல வகுப்பின் அடையாளமாக எழுதவேண்டாம் என்று. ஐந்து நிமிடம் உள்ளே இருந்து, எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையிடம் என்ன கேட்டது என்று குறித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை முழுக்க யாரோடும் கதைக்காத பிள்ளை இருந்தால் அதை எங்களிடம் சொல்லச் சொல்லுங்கள், நாங்கள் கவனிக்கிறோம். வலய மட்டப் பயிற்சிகளில், கணினி எத்தனை இருந்தாலும், வேறு பாடசாலைப் பிள்ளைகளைச் சோடியாக இருத்துங்கள். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு பயிற்சி வைத்தாலும் நல்லதுதானே. ஸ்மார்ட் போர்ட் வருகிற பாடசாலைகளுக்கும் இதே கவனம் வேண்டும். அங்கே பிள்ளைகளும் பலகையைப் பார்க்கிறார்கள், ஆசிரியரும் பலகையைப் பார்க்கிறார். ஹெட்போன்களை மொழிப் பாடத்துக்குக் கேட்டல் பயிற்சி நடக்கும்போது மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கலாம்.

பரீட்சையில் தனியேதானே எழுதவேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள், என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். அதற்காகத்தான் ஒரு பாடவேளை தனியே. சோடியாகப் படித்ததால் என் பிள்ளைகளின் பெறுபேறு குறையவில்லை. வழி சொல்லப் பழகிய பிள்ளைக்கு விடை எழுதவும் வருகிறது.

அறையின் படம் ஒன்றை அளவோடு கீறி வைத்திருக்கிறேன். மேசை எங்கே, குழாய் எங்கே, பிள்ளைகள் எந்தப் பக்கம் பார்த்து இருப்பார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. கேட்கிற எந்தப் பாடசாலைக்கும் தருவேன். விடுமுறை தொடங்கியதும் சுவரை வெட்டத் தொடங்குவார்கள். வெட்டிக் குழாய் பதித்த பிறகு இன்னும் பத்து வருடத்துக்கு அதை யாரும் மாற்றப்போவதில்லை. சுண்ணக்கட்டிக் கோட்டை அழிக்கவேண்டாம், இரண்டு கிழமை பொறுங்கள் என்று அந்தத் தம்பியிடம் கேட்டிருக்கிறேன். அவரும் சரி டீச்சர் என்றிருக்கிறார். வியாழக்கிழமை ஐந்தாம் பாடவேளை தரம் 9. அன்றைக்கு ஒரு தடவை வந்து, அந்தக் கோட்டையும் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரைப் பாடசாலை ஒன்றின் கணினி ஆசிரியை